கடைசி 128 தாவல்கள்

ஜூன் 3, 2024, திங்கள்

உடுமலைப் பக்கத்திலிருந்து மறுபடி ஒரு பெட்டி திரும்பி வந்திருக்கிறது. மொபைல் ஸ்டார்ட்டர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்து போர்வெல் மோட்டார் ஓடும், இன்னொரு கால் கொடுத்தால் நிற்கும். புகார் ஒரே வரிதான்: தானாக நின்றுபோகிறது.

சர்வீஸ் ஆள் தோட்டக்காரரையே போனில் பேச வைத்தார். "கரண்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி. மறுபடி போன் போட்டா ஓடிருது. ரீசார்ஜ் முடியற சமயம்னா இந்தத் தொல்லை சாஸ்திங்க." ரீசார்ஜ் முடிவதற்கும் மோட்டார் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று சர்வீஸ் ஆள் சிரித்தார். எனக்கும் புரியவில்லை. ஆனாலும் குறித்து வைத்தேன். வயலில் இருப்பவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம், அவர் கண்ணால் பார்த்தது தப்பாக இருப்பது அபூர்வம்.

பெஞ்சில் போட்டால் பெட்டி ஒழுங்காக ஓடுகிறது. கடைசி ரீசெட்டுக்கு என்ன காரணம் என்று ஃபர்ம்வேர் பதிந்து வைத்திருக்கிறது: வாட்ச்டாக். அதாவது நிரல் எங்கோ போய்ச் சிக்கி, வாட்ச்டாகைத் தட்ட ஆளில்லாமல் சிப் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டது. ரீசெட் ஆனால் ரிலே விடும், கான்டாக்டர் விழும், மோட்டார் நிற்கும். எங்கே சிக்கியது என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

கேன்டீன் டிவியில் ஓட்டு எண்ணிக்கை. பாதி ஆபீஸ் அங்கே. எனக்கு லேப் காலியாகக் கிடைத்தது.

சந்தேகம் ஹார்ட் ஃபால்ட் மேல். இல்லாத முகவரியைத் தொட்டால், நிரல் இல்லாத இடத்துக்குத் தாவினால், பிராசஸர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹார்ட் ஃபால்ட் ஹேண்ட்லருக்குப் போகும். எங்கள் பழைய ஃபர்ம்வேரில் அந்த ஹேண்ட்லர் ஒரு முடிவில்லாத லூப், அவ்வளவுதான். பிறகு வாட்ச்டாக் வந்து எழுப்ப வேண்டியது.

எங்கள் போர்டில் இருப்பது சாம் டி21. கார்ட்டெக்ஸ் எம்0+ கோர், 48 மெகாஹெர்ட்ஸ், 32 கேபி ராம். எம்3, எம்4 கோர்களில் ஃபால்ட் ஏன் வந்தது என்று சொல்லத் தனி ரிஜிஸ்டர்கள் உண்டு. எம்0+ சின்னக் கோர், அந்த வசதியெல்லாம் வெட்டப்பட்டது. கிடைப்பது ஒன்றே: ஃபால்ட் ஆகும்போது ஹார்ட்வேரே ஸ்டாக்கில் எழுதிவைக்கும் எட்டு வேர்டுகள். அதில் நிரல் நின்ற முகவரியான பிசி இருக்கும், கடைசி அழைப்பு திரும்ப வேண்டிய முகவரியான எல்ஆர் இருக்கும். நிரல் ஒழுங்கான இடத்தில் நின்று தப்பு செய்திருந்தால் பிசி ஒன்றே போதும். ஆனால் ஸ்டாக் கெட்டு, திரும்பு முகவரியே குப்பையாகி, அந்தக் குப்பைக்கு நிரல் தாவியிருந்தால்? பிசியில் குப்பைதான் இருக்கும். எல்ஆரில் எப்போதோ நடந்த அழைப்பின் மிச்சம் இருக்கும். எந்த ஃபங்ஷன் குழியில் விழுந்தது என்று இரண்டும் சொல்லாது.

பிரின்ட்எஃப் போட்டுப் பார்க்கலாம் என்றாள் புதிதாகச் சேர்ந்த பெண். போடலாம். ஒரு வரி வெளியே போக மில்லி செகண்டுகள் ஆகும், நேரம் மாறும், நேரத்தைச் சார்ந்த பிழை ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஜூன் 6, வியாழன்

அவளுக்கு டிரேஸ் என்றால் என்ன என்று சொல்லப்போய் ஒரு மதியமே போய்விட்டது.

ஒரு காலத்தில் பிராசஸரின் முகவரி பஸ்ஸும் டேட்டா பஸ்ஸும் சிப்புக்கு வெளியே கம்பிகளாக ஓடின. ராமும் ரோமும் தனித்தனி சிப்புகளாகப் போர்டில் இருந்தன. இன்சர்க்யூட் எமுலேட்டர் என்ற பெட்டியைப் பிராசஸரின் இடத்தில் செருகினால் ஒவ்வொரு சைக்கிளிலும் எந்த முகவரி போனது என்று பதிந்துவிடும். இன்டெல் 1970களிலேயே அப்படி விற்றது. பிறகு ஃபிளாஷும் ராமும் சிப்புக்குள்ளேயே வந்துவிட்டன. பஸ் உள்ளே போய்விட்டது, வெளியே தெரிவதெல்லாம் உள்ளீடு, வெளியீட்டுக் கால்கள்தான். பார்ப்பதற்குக் கம்பியே இல்லாதபோது, பார்க்கிறவன் உள்ளே போய் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே உட்கார்ந்தவன் பார்த்ததை எங்கே எழுதுவது, எப்படி வெளியே சொல்வது என்பதுதான் அன்றிலிருந்து இன்றுவரை சிக்கல். வாகன மின்னணுவியல்காரர்களும் சிப் கம்பெனிகளும் சேர்ந்து 1999-ல் நெக்ஸஸ் என்ற தரநிலையைக் கொண்டுவந்ததும் இதற்காகவே.

ஆர்ம் உலகில் பெரிய வழி ஈடிஎம். கோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் சுருக்கிச் சொல்லும் தனி ஹார்ட்வேர். முழு முகவரியை அது திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. நிபந்தனை நிறைவேறியதா இல்லையா என்று பிட்டுகளாகச் சொல்லும். எங்கே போகும் என்று நிரலைப் பார்த்து ஊகிக்க முடியாத தாவலுக்கு மட்டும் முகவரி அனுப்பும், அதிலும் முந்தையதிலிருந்து மாறிய பகுதியை மட்டும். எஸ்டிஎம்32எஃப்407-ல் இது பிஇ2 முதல் பிஇ6 வரை ஐந்து கால்களில் வெளியே வருகிறது: ஒரு கிளாக், நான்கு டேட்டா. அதைப் பிடிக்க விலை உயர்ந்த புரோப் வேண்டும், போர்டில் அந்தக் கால்களைக் காலியாக விட்டிருக்க வேண்டும். சில சிப்புகளில் வெளியே அனுப்பாமல் உள்ளேயே சில கேபி ராமில் எழுதிக்கொள்வார்கள். அது ஈடிபி.

எஸ்டபிள்யூஓ என்று ஒற்றைக் கால் வழியும் எம்3, எம்4-ல் உண்டு. நிரல் எழுதும் சின்னச் சேதிகளும் அவ்வப்போது எடுத்த பிசி மாதிரியும் அதில் வரும். எல்லாக் கட்டளையும் அந்த ஒரு காலில் போகாது.

எம்0+ ஏழைக்கு இரண்டும் இல்லை. 2012-ல் அந்தக் கோர் வந்தபோது ஆர்ம் அதற்கென்று செய்த சின்ன ஏற்பாடு எம்டிபி, மைக்ரோ டிரேஸ் பஃபர். சுருக்கம் கிடையாது, தனிக் கால் கிடையாது, தனி மெமரிகூடக் கிடையாது. சிப்பின் சொந்த ராமில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு அதில் எழுதும். எனக்கு இந்த எளிமை பிடிக்கும். ஈடிஎம் டேட்டாவைப் பிரிக்க ஒரு மென்பொருள் வேண்டும், எம்டிபி எழுதியதை வெறும் கண்ணால் படிக்கலாம்.

ஜூன் 7, வெள்ளி

எம்டிபியை ஓடவிட்டேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதி வைக்கிறேன், அடுத்த வருடம் எனக்கே மறந்துவிடும்.

நிரல் நேராக ஓடும்வரை எம்டிபி சும்மா இருக்கும். வரிசை உடைந்தால் மட்டும் எழுதும்: பிராஞ்ச், ஃபங்ஷன் அழைப்பு, திரும்பல், இன்டரப்ட். ஒரு தாவலுக்கு இரண்டு வேர்டு, எட்டு பைட். முதல் வேர்டு கிளம்பிய முகவரி, இரண்டாவது போய்ச் சேர்ந்த முகவரி. கட்டளை முகவரி எல்லாம் இரட்டைப்படை என்பதால் கடைசி பிட் வீணாகக் கிடக்கும். அதையும் விடவில்லை. கிளம்பிய முகவரியின் கடைசி பிட் 1 என்றால் கட்டளையால் தாவவில்லை, இன்டரப்ட்டோ ஃபால்ட்டோ பிடித்து இழுத்தது என்று அர்த்தம். சேர்ந்த முகவரியின் கடைசி பிட் 1 என்றால் டிரேஸ் இப்போதுதான் தொடங்கியது.

ஒரு தாவல் சேர்ந்த இடத்திலிருந்து அடுத்த தாவல் கிளம்பிய இடம்வரை நிரல் நேர்கோட்டில் ஓடியிருக்கிறது. நடுவில் நிபந்தனைப் பிராஞ்ச் இருந்து, பதிவில் இல்லையென்றால், நிபந்தனை பொய். ஆக, எழுதாததும் ஒரு சேதிதான்.

கட்டுப்படுத்த மூன்று ரிஜிஸ்டர். பொசிஷன், மாஸ்டர், ஃப்ளோ. பொசிஷனில் அடுத்து எழுதப்போகும் இடம், கூடவே ஒருமுறையாவது சுற்றி வந்துவிட்டதா என்று ஒரு பிட். மாஸ்டரின் உச்சி பிட் 1 ஆனால் டிரேஸ் ஓடும். மாஸ்டரின் கடைசி ஐந்து பிட்டுகள் பஃபர் அளவு: எண்ணோடு நான்கைக் கூட்டி, இரண்டின் அந்த அடுக்கு. 6 என்று போட்டால் 2-ன் பத்தாவது அடுக்கு, 1024 பைட். எட்டால் வகுத்தால் 128 தாவல். ஃப்ளோவில் ஒரு வரம்பு வைத்தால் அங்கே வந்ததும் டிரேஸை நிறுத்தலாம், கோரையே நிறுத்தலாம். அது டிபக்கர் மாட்டிய பெஞ்சுக்கு. எனக்கு வேண்டியது நிற்காமல் சுற்றுவது. கடை வாசல் சிசிடிவி மாதிரி, பழையதன் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகட்டும், திருட்டு நடந்த நிமிஷத்தில் நிறுத்தினால் போதும்.

ஒரு நிபந்தனை: 1 கேபி பஃபர் 1 கேபி எல்லையில்தான் தொடங்க வேண்டும். சுட்டியின் கீழ்ப்பகுதி பிட்டுகள் மட்டும் கூடிச் சுழியத்துக்குத் திரும்புவதால்தான் வட்டமே உருவாகிறது. லிங்கர் ஃபைலில் தனி செக்ஷன் கொடுத்து வைத்தேன்.

முக்கியமான விஷயம், டிபக்கர் தேவையே இல்லை. ரிஜிஸ்டர்கள் மெமரி மேப்பில் இருக்கின்றன. ஃபர்ம்வேரே மூன்று வரியில் தன்னைத்தானே கண்காணிக்கச் சொல்லிக்கொள்ளலாம். எம்டிபியை லேப் கருவி என்று மட்டும் நினைத்திருப்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

ஜூன் 10, திங்கள்

ஹார்ட் ஃபால்ட் ஹேண்ட்லரைத் திருத்தினேன். முதல் வேலை எம்டிபியை அணைப்பது. சி-யில் எழுதி நாலு ஃபங்ஷன் அழைத்த பிறகு அணைத்தால், அந்த அழைப்புகளே பஃபரில் ஏறி, வேண்டியதை அழித்துவிடும். அதனால் தொடக்கம் அசெம்ப்ளி, தாவலே இல்லாமல். இரண்டாவது வேலை ஸ்டாக் முனையைப் புது இடத்துக்கு மாற்றுவது, பழைய ஸ்டாக்கை நம்ப முடியாது. மூன்றாவது, கடைசி 32 தாவல்களை ஃபிளாஷில் எழுதுவது. 32 தாவல் என்றால் 256 பைட், சாம் டி21-ல் ஒரே தடவையில் அழிக்கக்கூடிய ஒரு ரோ சரியாக 256 பைட். அளவு தானாகவே பொருந்திவிட்டது.

ராமிலேயே விட்டுவைத்திருக்கலாம். வாட்ச்டாக் ரீசெட் ராமை அழிக்காது, அழிப்பது நம் ஸ்டார்ட்அப் கோடு, அதை விலக்கினால் போதும். ஆனால் தோட்டத்தில் கரண்ட் போகாத நாள் எது? ஃபிளாஷ்தான் சரி.

ஜூன் 13, வியாழன்

வேண்டுமென்றே ஃபால்ட் வரவைத்து டிரேஸைப் படித்துப் பார்த்தோம். அந்தப் பெண் கேட்டாள்: "மேம், வரிசையா எஃப் எஃப்னு ஒரு அட்ரஸ் வருதே, அங்க என்ன இருக்கு?" அங்கே ஒன்றுமில்லை. இன்டரப்ட் முடிந்து திரும்பும்போது கோர் பயன்படுத்தும் அடையாள எண் அது. முதலில் அதற்குத் தாவியதாக ஒரு பதிவு, அதிலிருந்து நிஜ இடத்துக்குத் தாவியதாக இன்னொரு பதிவு. இப்படி ஒவ்வொரு இன்டரப்ட்டும் மூன்று இடத்தைத் தின்கிறது.

வேறொன்றும் தெரிந்தது. மோடம் பதிலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் பழைய கோடு சின்ன லூப்பில் சுற்றுகிறது. 48 மெகாஹெர்ட்ஸில் 128 தாவல் என்பது மைக்ரோ செகண்டுகளின் கணக்கு. அந்த லூப் பஃபர் முழுவதையும் ஒரே இரண்டு முகவரியால் நிரப்பிவிடுகிறது, அதற்கு முன் நடந்த கதை போச்சு. லூப்பை எடுத்துவிட்டு இன்டரப்ட் வரும்வரை தூங்கும் கட்டளையைப் போட்டேன். தூங்கும் கோர் தாவுவதில்லை. கரண்ட்டும் மிச்சம்.

டிரேஸைப் படிக்க, பெட்டியில் ஏறிய அதே பில்டின் ஃபைல் வேண்டும். ஒரு வரி மாறினாலும் முகவரி எல்லாம் நகர்ந்துவிடும். பில்ட் எண்ணையும் ரோ-வோடு சேர்த்து எழுதச் சொன்னேன். மாலை சர்வீஸ் ஆள் திருத்திய பெட்டிகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

ஜூன் 19, புதன்

வந்துவிட்டது. அதே உடுமலைத் தோட்டம்.

கடைசிக்கு முந்தைய பதிவு: கிளம்பியது ஃபிளாஷில் ஒரு முகவரி, சேர்ந்தது 2சி 22 4டி 52. கடைசிப் பதிவு: கிளம்பியது 2சி 22 4டி 53, சேர்ந்தது ஹார்ட் ஃபால்ட் ஹேண்ட்லர். 53-ல் இருக்கும் ஒற்றைப்படை, ஃபால்ட் இழுத்தது என்று சொல்லும் அந்த பிட்.

இந்தச் சிப்பில் 2சி-யில் தொடங்கும் முகவரியில் ஒன்றுமே கிடையாது. ராமுக்கு ஒதுக்கிய பரப்புதான், ஆனால் நம் 32 கேபி 20-லேயே முடிந்துவிடுகிறது. குப்பை முகவரி என்று தள்ளிவிடலாம். ஆனால் 22-ம் 2சி-யும் பார்த்ததும் கண் நின்றது. ஆஸ்கியில் 22 மேற்கோள் குறி, 2சி காற்புள்ளி. 4டி எம். இந்தச் சிப் சின்ன பைட்டை முதலில் வைக்கும், ஆகவே பின்னாலிருந்து படிக்க வேண்டும்: ஆர், எம், மேற்கோள், காற்புள்ளி. ஆர்எம் என்று எதுவும் நினைவுக்கு வரவில்லை. பிறகு உறைத்தது. சேர்ந்த முகவரியின் கடைசி பிட்டை எம்டிபி தன் குறிக்கு எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் அது 52 இல்லை, 53. ஆர் இல்லை, எஸ். எஸ்எம், மேற்கோள், காற்புள்ளி.

மோடத்தோடு பழகியவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். சிம்முக்கு எஸ்எம்எஸ் வந்தால் மோடம் யாரும் கேட்காமலே ஒரு வரி சொல்லும்: +சிஎம்டிஐ: "எஸ்எம்",3. சிம்மில் மூன்றாவது இடத்தில் புதுச் செய்தி என்று பொருள்.

அந்தக் கிளம்பிய முகவரியை ஃபைலில் தேடினால், மோடம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷனின் கடைசிக் கட்டளை. ஏடி என்று அனுப்பி, ஓகே வருகிறதா என்று பார்ப்பது. பதிலுக்கு ஸ்டாக்கில் எட்டு பைட் இடம். ஓகே-க்கும் எர்ரருக்கும் அது தாராளம். எட்டு பைட்டை ஒட்டி அடுத்ததாக உட்கார்ந்திருப்பது திரும்பு முகவரி. நீளத்தைச் சோதிக்காமல் வரியை நகலெடுக்கிறது. ஆங்கில எழுத்தில் எண்ணினால் அந்த வரி 13 எழுத்து. முதல் எட்டு எழுத்து இடத்துக்குள் அடங்கும். அடுத்த நான்கு, எஸ், எம், மேற்கோள், காற்புள்ளி, நேராகத் திரும்பு முகவரியின் மேல்.

ஃபால்ட்டில் கிடைத்த ஸ்டாக்கிலும் பிசி 2சி 22 4டி 52 என்றுதான் இருந்தது. எல்ஆர் நூலக ஃபங்ஷன் ஒன்றுக்குள் நின்றது, அதை எங்கள் கோடில் எல்லா மூலையிலும் கூப்பிடுகிறோம். போய் விழுந்த இடத்தை ஸ்டாக் சொன்னது. யார் தள்ளியது என்பதை டிரேஸின் அந்த ஒரு வேர்டு மட்டும்தான் சொன்னது.

ஜூன் 20, வியாழன்

பெஞ்சில் ஏன் வரவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. பெஞ்சில் இருக்கும் சிம்முக்கு எஸ்எம்எஸ் அனுப்ப ஆளில்லை. ஏடி அனுப்பி ஓகே வருவதற்கு இடையிலுள்ள கொஞ்ச நேரத்தில் எஸ்எம்எஸ் வந்து விழுந்தால்தான் அந்த வரி தப்பான கையில் சிக்கும். மற்ற நேரத்தில் அது பெரிய பஃபர் உள்ள வேறு ஃபங்ஷனுக்குப் போய்விடும். அந்தப் பெண் தன் போனிலிருந்து விடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். மதியத்துக்கு மேல் ரிலே டக்கென்று விட்டது. அதே முகவரி, அதே தாவல்.

தோட்டக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன், ரீசார்ஜ் முடியும் நேரத்தில் மெசேஜ் நிறைய வருமா என்று. "அதையேன் கேக்கறீங்க அம்மணி, காலங்காத்தால இருந்து ராத்திரி வரைக்கும் அனுப்பிட்டே இருப்பானுங்க. இந்த சிம்முக்கும் அப்படித்தானுங்க வரும்." சர்வீஸ் ஆள் இந்த முறை சிரிக்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

திருத்தம் போயாகிவிட்டது. நீளத்தைச் சோதிக்க ஒரு வரி, கேட்காமல் வரும் வரிகளை முதலிலேயே பிரித்தெடுக்க இன்னொரு ஃபங்ஷன். அதில் எழுத ஒன்றுமில்லை.

மீட்டிங்கில் மேலாளர் கேட்டார்: பிழை கிடைத்துவிட்டதே, இனி விற்பனைக்குப் போகும் ஃபர்ம்வேரில் டிரேஸ் எதற்கு, 1 கேபி ராம் வீண்தானே? அடுத்த மாடலுக்கு அந்த ராம் வேண்டியிருக்குமே என்று விற்பனைப் பிரிவும் சேர்ந்துகொண்டது. நியாயமான கேள்விதான். எம்டிபி நேரத்தைப் பதியாது, எந்த மதிப்பு எங்கே எழுதப்பட்டது என்று சொல்லாது. மெதுவாகக் கெட்டுப்போய் நாலு நிமிஷம் கழித்து வெடிக்கும் பிழைக்கு அதன் 128 தாவல் எந்த மூலைக்கும் காணாது. இதையெல்லாம் நானே சொன்னேன்.

ஆனாலும் எடுக்கக் கூடாது என்றேன். வயலில் நடக்கும் ஃபால்ட்டுக்கு வேறு சாட்சி இல்லை, நாம் டிபக்கரோடு தோட்டத்தில் போய்க் காத்திருக்கவும் முடியாது. அடுத்த மாடலுக்குச் சிப் தேர்ந்தெடுக்கும்போதும் கோர் எம்0+ என்று பார்த்ததோடு நிற்காமல், எம்டிபி சேர்த்திருக்கிறார்களா என்று டேட்டாஷீட்டில் பார்க்க வேண்டும். ஆர்ம் அதைக் கட்டாயமாக்கவில்லை, சிப் செய்பவர் விரும்பினால் வைப்பார், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்.

32 கேபியில் 1 கேபி. அதைக் கேட்டு யார் வந்தாலும் கொடுப்பதாக இல்லை.